தைக்காமல் திருப்பி அனுப்பிய துணி

ஐயா, போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். "வளைகாப்புக்காவது வருவியாம்மா, இல்ல கல்யாணத்துக்குச் செஞ்ச மாதிரி துணியத் திருப்பி அனுப்பிட்டு வீட்டுக்குள்ளயே படுத்துக்கிடுவியா?" என்றாய். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி இருந்தது. ஆனால் உன்மேல் கோபம் இல்லை. ஒன்றரை வருஷமாக இந்தக் கேள்வியை நீ வாய்க்குள்ளேயே வைத்திருந்தாயே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. போனில் பதில் சொன்னால் நடுவில் நான் கத்துவேன், இல்லையென்றால் அழுவேன், இரண்டும் எனக்கே பிடிக்காது. அதனால் எழுதுகிறேன். சாப்பிட்ட கையோடு இதை வாசிக்காதே. இதில் இருக்கிறதெல்லாம் கொப்புளமும் நீரும் பொய்யும்தான். எழுதுகிற எனக்கே குமட்டுகிறது.

பவித்ராவின் முகூர்த்த ஜாக்கெட்டில் இருந்தே தொடங்குகிறேன். பட்டுச் சேலை நாம் எடுத்தது. "ஜாக்கெட்ட அத்தைதான் தைக்கணும்" என்று அந்தப் பெண் தன் அளவு ஜாக்கெட்டைக் கோயம்புத்தூரில் இருந்து கூரியரில் அனுப்பியிருந்தாள். நான் முப்பது வருஷமாகச் சங்கரன்கோவிலில் பாதிப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்தவள். என் மருமகளுக்கு நான் தைப்பதில் என்ன அதிசயம்? ஆனால் எனக்கு அப்போது அந்தப் பெண்ணைப் பிடிக்கவில்லை, ஐயா. நீயாகப் பார்த்துக்கொண்டாய் என்கிற ஒரே குற்றம். அதற்காக அவள் சிரித்தாலும் தப்பு, சிரிக்காவிட்டாலும் தப்பு. அளவு ஜாக்கெட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இடுப்பு ஒல்லி, இவ எங்கன நம்ம வீட்டுல குடம் தூக்கப் போறா" என்று உங்கப்பாவிடம் சொன்னேன். நம் வீட்டில் மோட்டார் போட்டுப் பதினைந்து வருஷம் ஆகிறது. எந்தக் குடத்தைத் தூக்கச் சொல்லப் போகிறேன்? வாய்தான்.

துணியை வெட்டி மிஷினில் உட்காரப் போகிற நாளில் எரிச்சல் தொடங்கியது. இடது மார்புக்குக் கீழே பிடித்து, விலாவைச் சுற்றி, முதுகு வரைக்கும். இஸ்திரிப் பெட்டியைச் சூடாக வைத்து வைத்து எடுத்த மாதிரி. மேலே பார்த்தால் ஒன்றுமே இல்லை, தோல் தோலாக இருக்கிறது. இரண்டாம் நாள் பயந்துபோய் ஒரு கிளினிக்குக்குப் போனேன். ஈசிஜி எடுத்தார்கள். டாக்டர் அந்தக் காகிதத்தைப் பார்த்தார், கம்ப்யூட்டரைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. "ஹார்ட் நல்லாருக்கு. கேஸ்தான். கல்யாண வீடுல்லா, நேரத்துக்குச் சாப்பிடுங்கம்மா" என்றார். இடது பக்கம் மட்டும்தான் எரிகிறது, வலது பக்கம் ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். கேஸ் மாத்திரையைத் தின்றுகொண்டு மூன்று நாள் ஏப்பம் வருமா என்று காத்திருந்தேன். நினைத்தால் என்மேலேயே எரிச்சல் வருகிறது.

அப்புறம் ஒரு காலை குளிக்கப் போனபோது பார்த்தேன். சீ, என்ன சொல்ல. சிவந்த தோலில் கொத்துக் கொத்தாக நீர் கோத்த கொப்புளம், ஜவ்வரிசியை வேகவைத்துக் கொட்டிய மாதிரி, மார்புக்கு அடியிலிருந்து முதுகுத் தண்டு வரை அரைப் பட்டையாக. வலது பக்கம் தாண்டாமல் சரியாக நடுவில் நின்றுவிட்டது. ஒன்று உடைந்து நைட்டியில் நீர் ஒட்டிக் காய்ந்திருந்தது. என் உடம்பை நானே தொட அருவருப்பாக இருந்தது. சோப்பைக்கூட எடுக்காமல் தண்ணீரை மட்டும் ஊற்றிக்கொண்டு வெளியே வந்தேன். அக்கி என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. உன் கல்யாணத்துக்கு எட்டு நாள் இருந்தது. வாசலில் பந்தக்கால் நட்டாகிவிட்டது. ராயகிரியில் இருந்து என் நாத்தனார், உன் அத்தை, வந்து உட்கார்ந்தாகிவிட்டது.

உன் அத்தை என்றதும் உனக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். உனக்கு ஏழு வயதில் அம்மை போட்டது. அந்த வாரம்தான் அத்தைக்கு நிச்சயதார்த்தம். அம்மை கண்ட வீட்டில் தாளிக்கக் கூடாது, விருந்தாள் வரக் கூடாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை ஒரு நல்ல காரியமும் நடக்கக் கூடாது. நிச்சயத்தைத் தள்ளிப் போட்டார்கள். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் சகுனம் சரியில்லை என்று வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். உடம்பெல்லாம் கொப்புளத்தோடு வேப்பிலையில் படுத்திருந்த உன்னைப் பார்த்து, "இந்தப் பயலாலதான் எனக்கு இப்படி ஆச்சு" என்று அவள் சொன்னாள். ஏழு வயதுப் பிள்ளையை. நீ "நான் என்னம்மா செஞ்சேன்" என்று என்னைக் கேட்டாய். பிற்பாடு ராயகிரியில் நல்ல இடத்தில்தான் வாழ்க்கைப்பட்டாள், ஆனாலும் அந்தக் கறுவல் அவளுக்கு இன்றைக்கும் போகவில்லை. அம்மை, அக்கி எல்லாம் அவள் கணக்கில் அம்மன் வீட்டுக்கு வருகிறதுதான். எனக்கு அக்கி என்று தெரிந்தால் அவள் பந்தக்காலைப் பிடுங்கிவிட்டுத்தான் காப்பி குடிப்பாள். பெண் வீட்டார் மண்டபம் பேசி, ஊரெல்லாம் பத்திரிகை வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால் வாயை மூடினேன். "காய்ச்சல்" என்று சொன்னேன். எல்லாரும் நம்பினார்கள். அந்த வீட்டில் ஒருத்தர்கூட என் நெற்றியைத் தொட்டுப் பார்க்கவில்லை என்பது வேறு விஷயம்.

இப்போது அந்தத் துணி. வெட்டின பட்டுத் துணி என் மடியில்தான் கிடந்தது. கொப்புளம் உடைந்த நைட்டி, அதன்மேல் கல்யாணப் பெண்ணின் ஜாக்கெட். இது அவளுக்கு ஒட்டிவிட்டால்? மணமேடையில் அவள் உடம்பில் பூத்துவிட்டால்? துணியைத் தனியாக வைத்து, கையைத் திரும்பத் திரும்பக் கழுவி, என் மேல் படாத மிச்சப் பட்டையும் புதிதாக எடுத்த இன்னொரு துண்டும் சேர்த்து, அளவு ஜாக்கெட்டோடு ஒரு கவரில் போட்டுக் கூரியரில் திருப்பி அனுப்பினேன். ஒரு வரி எழுதி வைக்கவில்லை. என்ன எழுதுவது? அக்கி என்று எழுத முடியாது. காய்ச்சல் என்று எழுதினால், காய்ச்சலுக்கா துணியைத் திருப்புவார்கள் என்று கேட்பார்கள். ஒன்றும் எழுதாமல் அனுப்பினால் அது எப்படிப் போய்ச் சேரும் என்று எனக்குத் தெரியாதா? மாமியார் கல்யாணத் துணியைத் தைக்காமல் திருப்பினாள் என்றால், 'நீ எனக்கு வேண்டாம்' என்று மூஞ்சியில் எறிந்ததுதான் அர்த்தம். தெரிந்தேதான் அனுப்பினேன். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதைச் சொல்லத்தான் இத்தனை பக்கம். கூரியர்க்காரன் கையில் கவரைக் கொடுத்தபோது என் மனசு ஒரு மூலையில் லேசாகச் சந்தோஷப்பட்டது. அவளுக்கு நான் தைக்க வேண்டாமே என்று. அக்கியைவிட அதுதான் எனக்கு இப்போது அதிக அருவருப்பு.

மறுநாள் யாருக்கும் தெரியாமல், நூல்கண்டு வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, அக்கி எழுதுகிறவர்கள் வீட்டுக்குப் போனேன். பானை செய்கிற வேளார் வீடு. பெண்களுக்கு அவர் சம்சாரம்தான் எழுதுவாள். காவியைக் குழைத்துக் கோழி இறகால் என் விலாவில் சிங்கம் எழுதினாள். சிங்கம் வந்தால் அக்கி ஓடிவிடும். இறகு பட்ட இடமெல்லாம் உயிர் போயிற்று, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவள் முதுகுப் பக்கம் வந்து பார்த்துவிட்டு இறகைக் கீழே வைத்துவிட்டாள். "யக்கா, இது ரொம்பப் பரவிக் கெடக்கு. நான் எழுதுதேன், அது இருக்கட்டும். நீ முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போ. எங்க வீட்டுல எங்க அத்தைக்கே வந்தப்போ ஊசி போட்டுத்தான் கேட்டுச்சு" என்றாள். எழுதுகிறவளே சொல்கிறாள், கேட்கவில்லை நான். "ஆஸ்பத்திரிக்குப் போனா நாலு பேரு பாப்பாங்க, ராயகிரிக்காரி காதுக்குப் போயிரும். நீ எழுது" என்றேன். மூன்று நாளும் எழுதிக்கொண்டேன். போதாததற்குக் கோயில் புற்றுமண்ணையும் குழைத்து அதன்மேல் பூசினேன். தோல் நோய்க்கு நம் ஊரே பூசுகிற மண்தான், மண்மேல் குற்றமில்லை. உடைந்த புண்ணில் அப்பின என் கைக்குத்தான் அறிவில்லை. சிங்கமும் மண்ணும் சீழும் சேர்ந்து உள்பாடியோடு ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது தோலும் வந்தது. அந்த நாற்றம் எனக்கு இப்போதும் சில நேரம் வருகிற மாதிரி இருக்கிறது.

வேன் புறப்படுகிற அன்று காலையில் உங்கப்பா மட்டும் கேட்டார். "ஏட்டி, நெசமாவே வர முடியாதா? ஒத்தப் புள்ள கல்யாணம்டி." நான் அவரிடம் மட்டும் நைட்டியை விலக்கிக் காட்டினேன். அவர் ஓரடி பின்னால் போனார். கெட்ட மனுஷர் இல்லை, தெரியும், ஆனாலும் பின்னால் போனார். "மூடு, மூடு" என்றார். பிறகு வேனில் போய் உட்கார்ந்துகொண்டார். நீ வாசலில் நின்று என்னையே பார்த்தாய். "காய்ச்சல்தானம்மா? ஒரு மாத்திரையப் போட்டுட்டு வாயேன்" என்றாய். நான் "நீ போ" என்றேன். அந்த "நீ போ" எப்படிக் கேட்டிருக்கும் என்று எத்தனையோ தடவை எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் கோபமாகத்தான் கேட்கிறது.

கல்யாணத்தைப் போனில் லைவாகப் பார்த்தேன். நீ தாலி கட்டும்போது நான் கட்டிலில் இடது கையைத் தூக்கித் தலைக்குமேல் வைத்துக்கொண்டு, துணி எதுவும் விலாவில் படாமல், ஒரு கையால் போனைப் பிடித்திருந்தேன். அழுகை வரவில்லை, அவ்வளவு எரிச்சல். பவித்ரா ஜாக்கெட்டை எவளோ அவசரத்தில் தைத்திருக்கிறாள். வலது தோள் இறங்கி நிற்கிறது, கைப்பகுதி சுருங்கிக் கிடக்கிறது. பட்டைக் கெடுத்து வைத்திருக்கிறாளே பாவி என்று தலையில் அடித்துக்கொண்டேன். அப்புறம்தான் யார் பாவி என்று உறைத்தது.

நீங்கள் எல்லாரும் திரும்பி வந்து, அத்தை ராயகிரிக்கு வண்டியேறிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சின்ன வயது டாக்டரம்மா. மேலே துணியை விலக்கச் சொல்லிப் பார்த்த முதல் டாக்டர் அவள்தான். பார்த்தவள் திட்டினாள். "இது என்னம்மா கலரு? யாரு இப்படி வரைஞ்சு வச்சது? கொப்புளம் வந்த மூணு நாளுக்குள்ள வந்திருந்தா மாத்திரை நல்லா கேட்டிருக்கும். இப்ப நரம்பு கெட்டுப்போச்சுன்னா வலி எப்ப போகும்னு என்னால சொல்ல முடியாது" என்றாள். எனக்குச் சின்ன வயதில் போட்ட அம்மைதான், அந்தக் கிருமி நரம்புக்குள் ஒளிந்து கிடந்து வயதான காலத்தில் அக்கியாக எழும்பும் என்றாள். நான் தயங்கித் தயங்கி அந்தத் துணி விஷயத்தைக் கேட்டேன். "தைக்கிற துணியில இருந்து அப்படியெல்லாம் லேசுல ஒட்டிராதும்மா. புண்ணை மூடிக் கட்டிக்கிட்டு, மாத்திரையைப் போட்டுக்கிட்டு, நீங்க கல்யாணத்துக்கே போயிருக்கலாமே" என்றாள். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் எழுந்து வாஷ்பேசினுக்கு ஓடினேன்.

அதற்குப் பிறகு நடந்ததை நீ பாதி பார்த்திருக்கிறாய், காரணம் தெரியாமல். புண் ஆறிவிட்டது. தழும்பு கறுத்துக் கிடக்கிறது. எரிச்சல் போகவில்லை. ஜாக்கெட் தைத்துப் பிழைக்கிறவளால் ஜாக்கெட் போட முடியவில்லை, இதைவிடக் கேவலம் என்ன இருக்கிறது? நூல் பட்டால் நெருப்பு, மின்விசிறிக் காற்று பட்டால் நெருப்பு. பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரி முழங்கை பட்டால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும், அவள் என்னைப் பைத்தியம் என்று பார்ப்பாள். நரம்புக்கு மாத்திரை தருகிறார்கள். தின்றால் தலை சுற்றும், மத்தியானம் வரைக்கும் வாயில் எச்சில் ஒழுகத் தூக்கம். அந்த மயக்கத்தில் ஒருத்தி ஜாக்கெட்டுக்கு இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்துவிட்டேன். தின்னாவிட்டால் மிஷினில் உட்கார முடியாது. குருவிகுளத்தில் இருந்தெல்லாம் தேடி வந்தவர்கள் இப்போது வேறு கடைக்குப் போகிறார்கள். திருநெல்வேலிக்கு ஒரு பெரிய டாக்டரைப் பார்க்கப் போனோம். காலையிலிருந்து உட்கார்ந்து, கூப்பிட்டு உள்ளே போனதும், "வயசாச்சுல்லாம்மா, கொஞ்சம் பொறுத்துக்கணும்" என்றார். பொறுத்துக்கொள்ளத் தெரியாமலா மூன்று பிரசவம் பார்த்தேன், இரண்டை மண்ணுக்குக் கொடுத்தேன்? வெளியே வந்து உங்கப்பாவிடம், "அந்தாளுக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள் இது வரணும்" என்று சபித்தேன். அவர் "மெல்லப் பேசு" என்றார். எல்லாரும் என்னை மெல்லப் பேசத்தான் சொல்கிறார்கள்.

நீ கேட்கலாம், ஊருக்குத்தான் சொல்லவில்லை, கல்யாணம் முடிந்த பிறகு எனக்குச் சொல்லியிருக்கலாமே என்று. சொல்லியிருக்கலாம். நீங்கள் மறுவீட்டுக்கு வந்தபோது சொல்லலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் டாக்டரம்மா சொன்ன அந்த வார்த்தை என்னைத் தடுத்துவிட்டது. போயிருக்கலாம், போகவில்லை. இதை எப்படி உன்னிடம் சொல்வேன்? பொல்லாத மாமியார் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பது, முட்டாள் மாமியார் என்று தெரிவதைவிடக் கௌரவமாக எனக்குப் பட்டது. அவ்வளவு திமிர். அதற்குள் "மதினிக்கு அந்தப் புள்ளையப் பிடிக்கல, அதான் வரல" என்று அத்தை ஊரெல்லாம் சொல்லிவிட்டாள், நான் அதை மறுக்கக்கூட இல்லை.

உனக்குப் புத்தி சொல்கிற தகுதி எனக்கு இல்லை, ஆனாலும் தாய் என்கிற சலுகையில் சொல்கிறேன். நாளைக்குப் பவித்ரா, "இங்க வலிக்குது" என்றால், நல்ல நாளா கெட்ட நாளா என்று பார்க்காதே, யார் என்ன நினைப்பார்கள் என்று பார்க்காதே, அன்றைக்கே கூட்டிக்கொண்டு போ. டாக்டர் காகிதத்தை மட்டும் பார்த்தால், "சார், இவளப் பாருங்க" என்று சொல். சத்தமாகவே சொல், மெல்லப் பேசச் சொன்னாலும் மெல்லப் பேசாதே. புண்ணைக் காட்டினால் பின்னால் போகாதே. உங்கப்பா பிறகு எவ்வளவோ செய்தார், களிம்பு வாங்கித் தந்தார், கஞ்சி வைத்துத் தந்தார், ஆனால் எனக்கு அந்த ஓரடிதான் ஞாபகம் இருக்கிறது. உனக்கு ஐம்பது வயது தாண்டினால் இதற்கு ஊசி இருக்கிறதாம், அதையும் கேட்டுப் போட்டுக்கொள். உனக்கும் சின்னதில் அம்மை போட்ட உடம்புதான்.

இதை எழுதி நேற்று முடித்திருந்தேன். முடித்துவிட்டுப் பார்த்தால், இந்த மன்னிப்பு உனக்கு அல்ல, துணியைக் கையில் வாங்கியவளுக்கு என்று தோன்றியது. இன்று காலை நீ வேலைக்குப் போயிருக்கிற நேரம் பார்த்துப் பவித்ராவுக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். அந்தச் சந்தோஷப்பட்ட மூலையையும் சேர்த்துத்தான். லைன் கட்டாகிவிட்டதா என்று போனைப் பார்த்தேன். அப்புறம், "அந்தக் கவரைப் பிரிச்சுட்டு நான் ரெண்டு நாள் அழுதேங்க அத்தை" என்றாள். "அழுதிருப்ப. நான் அப்படித்தான் செஞ்சேன்" என்றேன். "மன்னிச்சுட்டேன்னு இப்ப சொன்னா அது பொய்யாயிருங்க" என்றாள். எனக்கு அது பிடித்திருந்தது, ஐயா. இந்தப் பெண்ணை முதல் தடவையாக எனக்குப் பிடித்தது. கர்ப்பமாக இருக்கிற பிள்ளை, என்னால் ஏதும் ஒட்டுமா என்று பயந்துவிடக் கூடாதே என்று, புண் காய்ந்து போனதால் இனி யாருக்கும் ஒட்டாது என்று டாக்டரம்மாவிடம் கேட்டுவிட்டேன் என்று சொன்னேன். அவள் அதைக் காதில் போட்டுக்கொண்ட மாதிரியே தெரியவில்லை. "அத்தை, இப்பவும் எரியுதுங்களா?" என்று கேட்டாள்.

ஒன்றரை வருஷத்தில் இதை என்னிடம் யாரும் கேட்டதில்லை. தெரிந்த ஒன்றிரண்டு பேர் எப்படி வந்தது என்று கேட்டார்கள், எப்போது போகும் என்று கேட்டார்கள், தொட்டால் ஒட்டுமா என்று கேட்டார்கள். "எரியுது மக்கா" என்றேன். நான் போனை வைக்கவில்லை. அவளும் போனை வைக்கவில்லை.

வாரேன், ஐயா. வியாழக்கிழமை பஸ் ஏறுகிறேன். ஜாக்கெட் போட முடியாது, உங்கப்பாவின் பழைய வேட்டித் துணியில் தொளதொளவென்று ஒன்று தைத்திருக்கிறேன், அதன்மேல்தான் சேலை. பார்க்கச் சகிக்காது. உன் மாமனார் வீட்டு ஆட்கள் பார்ப்பார்கள், அத்தையும் வந்திருப்பாள், இது என்ன கோலம் என்று உன்னைத்தான் கேட்பார்கள். அப்போது எனக்கு உடம்புக்குச் சரியில்லை என்று மழுப்பாதே. எங்கம்மாவுக்கு அக்கி வந்தது, கல்யாணத்தன்றைக்கும் அதுதான் இருந்தது, இன்னும் எரிகிறது என்று சொல். அத்தை காதில் விழுகிற மாதிரி சொல்.